பொன்னாடை போதும், ஆசிரியரைத் தாருங்கள்



கொட்டாஞ்சேனையில் உள்ள நமது அலுவலகத்துக்குப் போன மாதம் ஒரு தோட்டக் கமிட்டியிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு பக்கக் கடிதம். அந்தத் தோட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தி தமிழ்மொழித் தினப் போட்டியில் கட்டுரை எழுதி, வலயம், மாகாணம் என்று ஒவ்வொரு படியாக ஏறி, அகில இலங்கை மட்டத்திலும் பரிசு வாங்கியிருக்கிறாள். சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ. தாயார் கொழுந்து எடுக்கிறார். தகப்பன் இல்லை. படித்ததெல்லாம் லயக் காம்பராவில்தான்.

கமிட்டித் தோழர்கள் கேட்பது இது: பிள்ளையைப் பாராட்டிப் பிரதேச சபையில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும், பாராளுமன்றத்தில் நமது மலையக உறுப்பினர் ஒருவர் எழுந்து அவளின் பெயரைச் சொல்லி வாழ்த்த வேண்டும், அது ஹன்சாட்டில் பதிவாக வேண்டும், பிறகு கொழும்பில் ஒரு மண்டபம் எடுத்துப் பொன்னாடை போர்த்த வேண்டும். இதையெல்லாம் சங்கம் ஏற்பாடு செய்து தர வேண்டும்.

கடிதத்தின் கடைசி வரி மட்டும் வேறு ஒரு பேனாவால் எழுதப்பட்டிருந்தது. “பிள்ளை ஏலெவலில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படுகிறாள். நம்ம ஸ்கூலில் அந்தப் பிரிவு இல்லை. எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை.”

இரண்டு பக்கம் பாராட்டுக்கு, ஒரு வரி படிப்புக்கு. தோழர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இத்தனை வருடமாக நாம் எல்லோரும் பழகிப்போன கணக்கு இதுதான். இந்தக் கணக்கு பிழை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

தீர்மானத்துக்கு என்ன வலு?

ஒரு சபை பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்றினால் என்ன நடக்கும்? ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், எல்லோரும் மேசையில் தட்டுவார்கள். எதிர்க்க யாரும் இருக்கமாட்டார்கள். அந்தத் தீர்மானத்தால் எந்த அதிகாரிக்கும் ஒரு கடமையும் வராது. திறைசேரியிலிருந்து ஒரு சதமும் வெளியே போகாது. அதனால்தான் யாரும் எதிர்ப்பதில்லை.

இந்த வழக்கம் பெரிய அளவில் இருப்பது அமெரிக்காவில். அங்கே மாநிலச் சட்டசபைகள் கூடும்போதெல்லாம், விஞ்ஞானப் போட்டியிலோ கணிதப் போட்டியிலோ வென்ற பாடசாலை அணிகளைப் பாராட்டித் தீர்மானங்கள் வரிசையாக வரும். மாணவர்களின் பெயர், பயிற்றுவித்த ஆசிரியரின் பெயர் எல்லாம் அழகாக எழுதி, முத்திரை குத்தி, சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரி ஒரு பிரதியும் கொடுப்பார்கள். அந்தக் காகிதத்துக்குச் சட்டத்தின் வலு கிடையாது. வாஷிங்டனில் உள்ள பிரதிநிதிகள் சபையில் 2011ஆம் ஆண்டு பெரும்பான்மைக்கு வந்த கட்சி, இப்படிப்பட்ட பாராட்டுத் தீர்மானங்களைச் சபையில் எடுப்பதில்லை என்று தனக்கே ஒரு விதி போட்டுக்கொண்டது. சபையின் நேரம் வீணாகிறது என்பதுதான் காரணம்.

அங்கே ஒரு பாடசாலை போட்டியில் வென்றால், அதற்குப் பெரும்பாலும் ஆய்வுகூடமும் ஆசிரியரும் இருந்திருக்கும். பாராட்டு மேலதிகமாகக் கிடைக்கும். நமக்கோ இருக்க வேண்டியது இல்லாத இடத்தில் பாராட்டு மட்டும் வந்து உட்காருகிறது.

சட்டம் செய்ததும் தீர்மானம் செய்யாததும்

நமது சனத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். நம்மை விழுத்தியதும் சட்டம், எழுப்பியதும் சட்டம்.

1945 ஒக்டோபர் 1ஆம் திகதி இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் பெயரை நமது பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் இன்றும் படிக்கிறார்கள். ஆனால் தோட்டப் பாடசாலைகள் அந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றன. அவை தோட்டத் துரைமாரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. ஒரு கொட்டில், ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அந்தப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகக் கையேற்றது. நாட்டின் மற்றப் பிள்ளைகளை விட நமது பிள்ளைகள் முப்பது வருடம் பிந்தி ஓட்டத்தைத் தொடங்கினார்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. அது பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்ட சட்டம். எஞ்சியிருந்த நாடற்றவர் பிரச்சினைக்கு முடிவு கட்டியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். அதுவும் அதே பாராளுமன்றத்தில் வந்தது. இந்த இரண்டுக்கும் இடையில் எத்தனையோ தலைவர்கள் எத்தனையோ மேடைகளில் “நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கும் மக்கள்” என்று நம்மைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியால் ஒருவருக்கும் அடையாள அட்டை கிடைக்கவில்லை.

பிரதேச சபையின் கதை இன்னும் வேடிக்கையானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் இருந்த விதத்தில், தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவழிக்க முடியாத நிலை இருந்தது. வாக்குக் கேட்க லயத்துக்கு வரலாம். லயத்துக்குப் போகும் பாதையைச் செப்பனிட முடியாது. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. அதுவரைக்கும் ஒரு பிரதேச சபை, தோட்டத்துப் பிள்ளை ஒன்றைப் பாராட்டித் தாராளமாகத் தீர்மானம் போட்டிருக்கலாம். அந்தப் பிள்ளை மழையில் வழுக்கி விழுந்து பாடசாலைக்குப் போன பாதைக்கு ஒரு லோட் கல் போட முடிந்திருக்காது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், தோழர்களே.

மேடையிலிருந்து கடைக்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மண்டபங்களுக்குக் குறைவில்லை. பெறுபேறுகள் வெளிவந்த பிறகு சனி, ஞாயிறுகளில் கௌரவிப்பு விழாக்கள் நடக்கும். மலையகத்திலிருந்து பிள்ளைகளை இரவு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருவார்கள். மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம அதிதி உரை. பிள்ளையின் முறை வரும்போது மத்தியானம் தாண்டிவிடும். ஒரு சான்றிதழ், ஒரு ஷீல்டு, ஒரு புத்தகப் பை. படம் எடுத்ததும் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள்.

எனக்கும் அப்படி ஒரு ஷீல்டு இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால், சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தேன் என்று கொழும்புக்கு அழைத்து மாலை போட்டார்கள். பிரதம அதிதி என் தலையில் கை வைத்து, “இந்தப் பிள்ளை டாக்டராக வரவேண்டும்” என்றார். சனம் கை தட்டியது. என் பாடசாலையில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை என்று அந்த மேடையில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, வாய் வரவில்லை. அடுத்த வருடம் அதே கொழும்புக்கு மறுபடியும் வந்தேன். இந்தமுறை காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் மடித்துக் கொடுக்கும் பையனாக. விழா நடந்த மண்டபம் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான்.

இது என் ஒருவனின் கதையாக இருந்தால் இங்கே எழுதமாட்டேன். இன்றைக்கும் வெள்ளவத்தைப் புடவைக் கடைகளில், கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளில், புறக்கோட்டை மொத்தக் கடைகளில் போய் நின்று, “தம்பி, எந்தத் தோட்டம்?” என்று கேட்டுப் பாருங்கள். ஹட்டன், மஸ்கெலியா, பதுளை, பசறை, இரத்தினபுரி என்று பதில் வரும். “எதுவரைக்கும் படிச்ச?” என்று கேட்டால் சிலர் தலையைக் குனிவார்கள். சிலர் பெறுபேற்றைச் சொல்வார்கள். கேட்கிற நமக்கு நெஞ்சு அடைக்கும். அவர்கள் வேலை செய்யும் கடைக்குப் பின்னால், ஒழுங்கைக்கு ஒழுங்கை ரியூஷன் வகுப்பு நடக்கிறது. இணைந்த கணிதம், இரசாயனவியல், உயிரியல், எதற்கும் ஆள் இருக்கிறது, காசு இருந்தால். அந்த வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளுக்கு நமது பையன் தேநீர் கொண்டுபோய் வைக்கிறான்.

வேலை எதுவும் கேவலம் இல்லை. கடையில் நிற்கும் நமது பிள்ளைகள் உழைத்துத்தான் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். படிக்க முடிந்த பிள்ளை, படிக்க விரும்பிய பிள்ளை, பாடம் எடுக்க ஆள் இல்லாததால் மட்டும் அங்கே போய் நிற்பதுதான் அநியாயம்.

ஊக்கம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு

இதைப் படித்துவிட்டுச் சிலர் கோபப்படுவார்கள். “நம்ம சனத்தை நூற்றாண்டுக் கணக்கில் தோட்டக்காட்டான் என்று இழிவாகப் பேசினார்கள். இப்போதுதான் சபையில் நம்ம பிள்ளை பெயர் ஒலிக்கிறது. அதையும் வேண்டாம் என்கிறீர்களா?” என்பார்கள்.

நியாயமான கேள்வி. பெயர் சொல்லப்படுவதன் அருமை, பெயர் வெட்டப்பட்ட நமக்குத்தான் தெரியும். வாக்காளர் இடாப்பிலிருந்து தன் தகப்பனின் பெயர் வெட்டப்பட்டதைப் பார்த்தவர்கள் இன்னும் சில லயங்களில் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேத்தியின் பெயர் ஹன்சாட்டில் வருவது சின்ன விஷயமில்லை.

பிள்ளையைப் பாராட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடசாலையில் காலைக் கூட்டத்தில் பாராட்டட்டும். தோட்டத்துக் கோயிலில் மாலை போடட்டும். பக்கத்துக் காம்பரா அக்கா ஒரு தட்டு கேசரி கிண்டிக் கொடுக்கட்டும். அவள் எப்படிப் படித்தாள் என்று தெரிந்தவர்களின் பாராட்டு அது. அதில் பொய் இல்லை. பாடசாலைக்கு ஆசிரியர் தரும் அதிகாரமும் பணமும் கையில் இருக்கிற சபை, அதைத் தராமல் பாராட்டை மட்டும் தந்தால் அது கடனைக் கட்டாமல் கடன் கொடுத்தவருக்கு வணக்கம் சொல்வது மாதிரி.

இன்னொன்றும் இருக்கிறது. மேடையில் ஏறிய ஒரு பிள்ளையின் படம், மேடை ஏறாத முப்பது பிள்ளைகளை மறைத்துவிடுகிறது. “பாருங்கள், லயத்துப் பிள்ளையும் ஒன்பது ஏ எடுக்கிறது” என்று சொல்பவர்கள் அடுத்ததாக என்ன சொல்வார்கள்? “முயற்சி செய்தால் முடியும்.” அப்படியானால் சித்தியடையாத பிள்ளைகள் முயற்சி செய்யவில்லை என்றாகிறது. கணித ஆசிரியர் இல்லாத வகுப்பின் பிழை, அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளின் தலையில் விழுகிறது.

நம்மையும் விட்டுவிட முடியாது. சங்கங்கள் எல்லாம் இந்த விழாக்களை நடத்தியிருக்கின்றன. இந்த ஏட்டிலும் பொன்னாடைப் படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறோம். படத்தில் பிள்ளை ஓரத்திலும் தலைவர்கள் நடுவிலும் நிற்பார்கள். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் கெம்பஸ் போனார்கள் என்று ஒரு முறையாவது பின்தொடர்ந்து பார்த்தோமா? இல்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்கு இருக்கிறது.

பணமும் சட்டமும் வந்தால் என்ன நடக்கும்?

தமிழ்நாட்டைப் பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் நீட் தேர்வு வந்த பிறகு மருத்துவக் கல்லூரிக்குள் போக முடியாமல் தவித்தார்கள். சட்டசபை அவர்களைப் பாராட்டித் தீர்மானம் போட்டுவிட்டு நிற்கவில்லை. 2020இல், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்விலும் தகுதி பெற்றவர்களுக்கு, மருத்துவப் படிப்பில் 7.5 வீத இடங்களை ஒதுக்கிச் சட்டம் செய்தது. கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்றது. கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கணக்கில் உள்ளே போகிறார்கள்.

இங்கேயும் உதாரணம் இருக்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்து உதவிப்பணம் பெறும் வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு மாதம் 750 ரூபா கிடைத்துக்கொண்டிருந்தது. அதை 1,500 ரூபாவாகக் கூட்டியது 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம். எந்தப் பாராட்டு விழாவிலும் அது கூடவில்லை. அந்த நேரத்தில் நமது ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. ஆக, நாடு முழுவதும் போட்டியிட்டு வென்ற பிள்ளைக்கு அப்போது மாதம் முழுவதற்கும் கிடைத்தது, தாயின் ஒரு நாட்சம்பளத்தை விட 150 ரூபா அதிகம். இதைப் பற்றிப் பேசட்டும் சபையில்.

ஆசிரியர் விஷயத்துக்கு வருவோம். நமது பகுதிப் பாடசாலைகளின் வெற்றிடங்களை நிரப்புகிறோம் என்று சொல்லி, 2015 அளவில் மூவாயிரம் பேர்வரை ஆசிரிய உதவியாளர்களாக எடுத்தார்கள். பெரும்பாலும் நமது லயங்களிலிருந்து படித்து வந்த பிள்ளைகள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பிறகு போராடித்தான் 10,000 ஆனது. அவர்களும் ஒரு காலத்தில் பொன்னாடை போர்த்தப்பட்ட பிள்ளைகள்தான். பாராட்டி முடித்துவிட்டு, பஸ் காசுக்கே போதாத சம்பளத்தில் வகுப்புக்குள் அனுப்பினார்கள்.

தோட்டப் பாடசாலைகள் என்று எண்ணப்படுபவை எண்ணூறுக்கு மேல். அவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை, அதாவது 1ஏபி தரப் பாடசாலைகள், மிகச் சில. பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழ் வருகின்றன. அந்தச் சபைகளின் நிலை என்ன? சப்ரகமுவ சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. மத்திய மாகாண சபைக்கு 2018இல், ஊவாவுக்கு 2019இல். அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. நமது பாடசாலைகளுக்குப் பொறுப்பான மூன்று சபைகளிலும் நாம் தெரிவு செய்த ஒருவர்கூட இல்லாமல் வருடங்கள் ஓடுகின்றன. பாராட்டுத் தீர்மானத்தைவிட முதலில் கேட்க வேண்டியது அந்தத் தேர்தலை.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: பாராளுமன்ற உறுப்பினரிடம் வாழ்த்துரை கேட்காதீர்கள். வாய்மூல விடைக்கான வினா கேட்கச் சொல்லுங்கள். “இந்தப் பாடசாலைக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எண்ணிக்கை எத்தனை? இப்போது இருப்பது எத்தனை? விஞ்ஞானப் பிரிவு எப்போது?” அதுவும் அதே ஹன்சாட்டில்தான் பதிவாகும். வாழ்த்துக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. வினாவுக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு: உறுப்பினரை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரஜையும் தன் பிள்ளையின் பாடசாலை பற்றிய இந்த விபரங்களை வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். பெயர் வெட்டப்பட்ட சனத்தின் பிள்ளைகள் நாம். இன்று பிரஜை என்ற உரிமையோடு கேட்கிறோம். கடிதம் எழுத உதவி தேவையென்றால் நமது அலுவலகத்துக்கு வாருங்கள்.

மூன்று: பொன்னாடையோடு யாராவது தோட்டத்துக்கு வந்தால் மரியாதையாக வரவேற்று, மேடையிலேயே ஒரு கேள்வி கேளுங்கள். “ஐயா, இந்தப் பிள்ளை அடுத்த இரண்டு வருடம் எங்கே படிக்கும், எங்கே தங்கும், செலவு யாருடையது?” பதில் இருந்தால் பொன்னாடையை வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கு: பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். ஒரு பேர் போகும் என்பது உண்மை. முடியாதவர்கள் முறை வைத்துப் போங்கள். யாராவது ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்க வேண்டும்.

கடிதம் எழுதிய கமிட்டித் தோழர்களுக்குப் பதில் இது. நீங்கள் கேட்ட தீர்மானத்தை நாங்கள் எழுதித் தரப்போவதில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரியை எடுத்துக்கொண்டோம். பிள்ளையின் பாடசாலை பற்றிய தகவல் கோரிக்கை தயாராகிவிட்டது. பிள்ளையின் தாயார் கையெழுத்து வைத்தால் அனுப்பிவிடலாம். விஞ்ஞானப் பிரிவும் விடுதியும் உள்ள பாடசாலைகளில் இடம் கேட்டு அதிபர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறோம். மண்டபத்துக்கும் மாலைக்கும் ஒதுக்க நினைத்த பணத்தை அவளின் முதலாம் தவணைச் செலவுக்கு வைக்கும்படி செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். உயர்தர வகுப்பு தொடங்க அதிக நாள் இல்லை. தாயாரை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வலயத்திலிருந்து என்ன பதில் வந்தது, வராவிட்டால் ஏன் வரவில்லை என்பதை அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுவோம். பொன்னாடைப் படத்துக்கு வைத்திருந்த இடம் அதற்குப் போதும்.